அண்ணனின் பெட்டி

மைக்கேல்சாமியின் மூச்சுக்கு அன்று விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து வாசலில் நிறுத்தியவன், கழுத்தைத் துடைத்துக்கொண்டே அப்படித்தான் சொன்னான். தம்பி ஆரோக்கியதாஸ் வழக்கம்போல் ஆயிரத்து இருநூறில் போய் நின்றார்.

"போன தடவ அவ்வளவுதானங்க வாங்குனீங்க?"

"அது சின்ன சிலிண்டருங்க. இது பெருசு."

"பெருசு யாருங்க கேட்டா? எங்களுக்குச் சின்னதே போதுமே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சிலிண்டர்க்காரன் தரையைப் பார்த்தான். உள் அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே கட்டிலில் கிடந்த அண்ணனுக்கு மூச்சுதான் குறைவே தவிர, காதில் ஒரு குறையும் கிடையாது. கல்யாண மண்டபத்து இரைச்சலுக்கு நடுவில் தபேலா அரைச் சுருதி இறங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கிற காது அது. ஆரோக்கியதாஸ் பேரத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கேட்ட பணத்தைக் கொடுத்தார். சொன்ன விலைக்கே அவர் வாங்கிய பொருள் ஆயுசில் அது ஒன்றுதான்.

மெல்லிசைக் குழு நடத்துகிறவனுக்குப் பேரம் இரண்டாவது வாத்தியம். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கீழே இருந்து ஏறுவார்கள், இவர் மேலே இருந்து இறங்குவார். நடுவில் எங்காவது சந்திக்கும்போது காபி வரும். பொன்னமராவதியிலிருந்து திருமயம் வரைக்கும் அப்படிப் பேசிப் பேசித் தேறிய வாய், ஆள் பார்த்து அடங்கத் தெரியாமல் அண்ணன் வீட்டு வாசலிலும் அதே சுருதியில் பேசிவிட்டது.

உள்ளே போனார். திருக்கோகர்ணத்தில் அந்த வீட்டின் உள் அறைக்கு ஒரே ஜன்னல். வெயில் அண்ணனின் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. வலது கை போர்வையின் மேல் நடுங்கியது. அந்த நடுக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"பெருசாவே இருக்கட்டும்டா," என்றார் மைக்கேல்சாமி, முகமூடியைக் கொஞ்சம் விலக்கி. "மிஞ்சுனா அவன் எடுத்துட்டுப் போறான்."

"நான் அத ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே."

"நீ பேச்சுக்குத்தானடா சொல்லுவ. உக்காரு."

ஆரோக்கியதாஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் காற்றை வாங்கிக்கொண்டு கிடந்தார்.

"நமக்கு என்ன வயசுடா ஆச்சு?"

"ஒங்களுக்கு அறுவத்தெட்டு. எனக்கு அறுவத்தொண்ணு."

"அதக் கேக்கல. பெட்டி வயசு."

அண்ணனுக்கு ஹார்மோனியமும் பெட்டிதான், கீபோர்டும் பெட்டிதான். கோயிலில் காலால் மிதித்து வாசித்த பழைய ஹார்மோனியத்துக்குக் கால்பெட்டி. சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்ற முதல் கீபோர்டுக்குச் சிங்கப்பூர்ப் பெட்டி. அதற்கப்புறம் வந்தவற்றுக்கும் கம்பெனிப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.

"நான் மொத்தம் நாலு பெட்டி வாழ்ந்துட்டேன். கால்பெட்டி, கைப்பெட்டி, சிங்கப்பூர், இப்ப பீரோ மேல கெடக்குறது. நீ எத்தன?"

ஆரோக்கியதாஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். "எட்டு இருக்கும்ணே. ஒண்ணு மழையில போச்சு."

"அப்படின்னா நீதான்டா எனக்கு மூத்தவன்," என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. ஆரோக்கியதாஸ் முகமூடியைச் சரியாக வைத்துவிட்டார். அண்ணன் அதைத் திரும்பவும் விலக்கினார்.

"அடக்கப் பூசைக்கு நீதான் வாசிக்கணும். என் பெட்டியில வாசி. ஒன் பெட்டிய கொண்டாராத. மைக் செட்டு சேவுகன்கிட்டச் சொல்லி லைன் குடுக்கச் சொல்லு."

லைன் என்றதும் ஆரோக்கியதாஸ் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டியதுதான். இதைவிட்டால் வேறு வேளை கிடையாது.

"அண்ணே, அன்னைக்குத் திருவிழாப் பூசையில..."

"அன்னைக்கு நல்லா இருந்துச்சு."

"இல்லண்ணே, நான் என்ன பண்ணுனேன்னா..."

"ரெண்டு பேரு வாசிச்ச மாதிரியே தெரியலன்னு நம்ம பாப்பா ஷெரின் போன்ல பாத்துட்டுச் சொன்னா. ஒரே ஆளு வாசிச்ச மாதிரி இருந்துச்சாம்." அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகமூடியைத் தானே இழுத்து வாய்மேல் வைத்துக்கொண்டார்.

மதினி ஜெபமாலையம்மாள் கஞ்சி டம்ளரோடு வந்தாள். ஆரோக்கியதாஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. பொன்னமராவதிப் பக்கத்துக் கமிட்டி. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அந்தக் கமிட்டித் தலைவர் சுலபத்தில் ஏறுகிற ஆள் இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆடுகிற பெண்கள் வேண்டும் என்றார், அது வேறு ரேட் என்றார் இவர். பேச்சு சாப்பாட்டுச் செலவு யாருடையது என்ற இடத்துக்கு வந்தபோது உள்ளே மதினி "தம்பி" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. உப்புப் போதவில்லை என்று சொல்வது போன்ற குரல். அவர் கையைக் காட்டி ஒரு நிமிஷம் என்றார். இரண்டாவது தடவை அவள் கூப்பிடவில்லை.

சிலிண்டரில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது.

மாலையில் கோயம்புத்தூரிலிருந்து ஷெரின் வந்து இறங்கினாள். அண்ணனின் ஒரே மகள், அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அழுது ஓய்ந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்.

"சித்தப்பா, பெட்டி எப்ப வரும்?"

"எங்கம்மா வர? பீரோ மேலதான் இருக்கு. நாளைக்குப் போகையில நானே எறக்கி எடுத்துக்கிறேன்."

ஷெரின் அவரையே பார்த்தாள். "சித்தப்பா. அப்பாவ வைக்கிற பெட்டி."

சுற்றி இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெபமாலையம்மாள்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அவரும் இருந்துருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு. இந்த வீட்டுல பெட்டின்னா அது ஒண்ணுதான்." சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனிடம் சொன்னாள்: "திருவிழா முடிஞ்சு வந்து ஒறையில போட்டு மேல வச்சவருதான் தம்பி. மறு வாரமே படுத்துட்டாரு. அப்புறம் எறக்கவே இல்ல. நானும் ஒறைக்கு மேல தூசி தட்டுனதோட சரி."

ஆரோக்கியதாஸ் தலையாட்டினார். அந்தப் பெட்டியை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்டில் நடந்தது அது. ஆவூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் அவர்கள் சொந்த ஊர்க் கோயிலில் திருவிழாப் பூசைக்கு வாசிப்பது அண்ணனின் பாத்தியதை. அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் கால்பெட்டியை மிதித்து ஆரம்பித்தது. இந்த வருஷம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில், கோயிலே மூச்சுவிடாமல் மண்டியிட்டிருந்தபோது, அண்ணனின் நடுங்கிய விரல் ஒரு கட்டையில் தானாக விழுந்துவிட்டது. பாடகர் குழுப் பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். புத்தகங்கள் குலுங்கின.

திருவிழாப் பூசையை நேரலையில் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆரோக்கியதாஸ் அண்ணனிடம் போனார். "இந்த வருஷம் ரெண்டு பேரும் சேந்து வாசிப்போம்ணே." அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே சலூனுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

பூசைக்கு முன்னால், சவுண்ட் சர்வீஸ் சேவுகன் மிக்ஸரில் ஒவ்வொரு ஒயராகச் செருகிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியதாஸ் அவன் காதோரம் குனிந்தார்.

"ரெண்டாம் நம்பரத் தொறக்காத."

ஒன்றாம் நம்பர் இவருடையது. இரண்டாம் நம்பர் அண்ணனுடையது.

"பெரியவருக்குத் தெரிஞ்சுருமேண்ணே."

"தெரியாது. அவருக்குப் பக்கத்துல இருக்குற ஸ்பீக்கர்ல என் சத்தத்த நல்லா ஏத்தி விடு. ரெண்டு பேரும் ஒரே டோன்தான் வைக்கப்போறோம். தன்னோடதுன்னே நெனச்சுக்குவாரு."

கோயில் கமிட்டி சொல்லிச் செய்தது என்றுதான் பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். கமிட்டியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நேரலையில் கீழே ஓடப்போகும் எழுத்தில் அவருடைய குழுவின் பேரும் போன் நம்பரும் இருந்தன. அந்த நம்பருக்குக் கீழே ஒரு தப்புக் கட்டை கேட்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

மேடைக்குத் திரும்பியபோது அண்ணன் தன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு துண்டு பிளாஸ்திரி இருந்தாக் குடுறா," என்றார். இவர் பையிலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளில் கொஞ்சம் பல்லால் கிழித்துக் கொடுத்தார். விரலில் சுற்றிக்கொள்ளப் போகிறார்போல என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு அப்போது பல வேலைகள் இருந்தன.

பூசை முழுக்க அண்ணன் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தோளை ஆட்டி, பழைய மைக்கேல்சாமியாக வாசித்தார். முடிந்து காபி குடிக்கும்போது கேட்டார்.

"எதுவும் தப்புக் கேட்டுச்சாடா?"

"ஒண்ணுகூட இல்லண்ணே."

"எனக்கும் கேக்கல," என்றார் அண்ணன். காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

இருட்டும் நேரத்தில் பொன்னமராவதியிலிருந்து ஆண்டியப்பன் மாலையோடு வந்தார். அவரும் கீபோர்டுக்காரர். ஒரு காலத்தில் ஆரோக்கியதாஸின் குழுவுக்கு எதிர்க் குழு. திருவிழா அட்வான்சுக்காக இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சொல்லாத பொய் இல்லை. இப்போது இருவருக்கும் ஒரே டாக்டர். மாலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒங்க அண்ணன் கை மேலேர்ந்து எறங்கும்யா. பருந்து எறங்குற மாதிரி. நாமெல்லாம் கோழி மாதிரி கொத்திக்கிட்டுக் கெடந்தோம்."

"ம்."

"இப்ப அந்தக் கொத்துறதும் போச்சு. தாளம் பெட்டிக்குள்ள, வயலின் பெட்டிக்குள்ள, புல்லாங்குழல் பெட்டிக்குள்ள. நாம பட்டன அமுக்கிட்டுச் சும்மா நிக்கக்கூடாதேன்னு வெரல ஆட்டிக்கிட்டு இருக்கோம். அந்தப் பட்டனும் எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியல. போன மாசம் காரையூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பொண்ணு மேடைக்கு வருது, நாதஸ்வரம் போடுறேன்னு அமுக்குனேன். நாய் கொலைக்கிற சத்தம் வந்துருச்சு."

ஆரோக்கியதாஸ் திரும்பிப் பார்த்தார். "எந்த நாயி?"

"பெட்டிக்குள்ள வச்சு விட்டுருக்கானே, வெளிநாட்டு நாயி. அதுதான்."

"மாப்பிள்ள வீட்டுல என்ன சொன்னாங்க?"

"மாமியா வந்தாச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க. வீடியோக்காரன்தான் சிரிச்சுட்டான். அன்னைக்கு ராத்திரியே என் மகன் சொல்லிட்டான், இனிமே மேடைக்கு வராதீங்கப்பான்னு. குரலக்கூட ஒசத்தல. அவன் கத்தியிருந்தா நானும் நாலு கத்து கத்தியிருப்பேன்." ஆண்டியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஆரோக்கியதாஸின் தொடையில் கையை வைத்தார். "ஒங்க அண்ணன் குடுத்து வச்சவரு. ஆகஸ்டுல ஒங்க ஊருப் பூசைய போன்ல பாத்தேன். பக்கத்துல உக்கார வச்சு வாசிக்க விட்டீங்க பாருங்க. யாருய்யா செய்வா இந்தக் காலத்துல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க."

"இல்லங்காதீங்க. கை நடுங்குறது எனக்குத் தெரிஞ்சுச்சு. ஆனா சத்தத்துல ஒரு பிசிறு இல்ல. எப்படிய்யா அது?"

ஆரோக்கியதாஸ் எழுந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் போதுமா என்று பார்க்கப் போனார். பாட்டில்கள் போதுமான அளவு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

மறுநாள் ஊர்க் கோயிலில் அடக்கப் பூசை. அண்ணன் வேனில் முன்னால் போனார். பின்னால் ஒரு ஆட்டோவில், மடியில் குறுக்காக வைத்த கீபோர்டோடு ஆரோக்கியதாஸ் போனார். ஆவூர் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உறைக்குள் கட்டைகள் மெல்லத் தட்டிக்கொண்டன.

சேவுகன் ஏற்கெனவே ஸ்பீக்கர் கட்டியிருந்தான். வாடகை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டான். அதனால் ஆரோக்கியதாஸால் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பேரம் பேச இடம் கொடுக்காத ஆளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குப் பழக்கமில்லை.

"ஒண்ணாம் நம்பர்ல போடவாண்ணே?"

"அண்ணனுக்கு எது குடுத்தமோ அதுலயே போடு."

சேவுகன் இரண்டாம் நம்பரில் செருகினான்.

வாசலில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. பாடகர் குழுப் பிள்ளைகள், ஜூலையில் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்த அதே பிள்ளைகள், எழுந்து நின்று இவர் கையைப் பார்த்தார்கள். ஆரோக்கியதாஸ் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. சுருதி கொடுக்க ஒரு கட்டையை அழுத்தினார்.

சத்தம் இல்லை.

இன்னொரு கட்டை. அதிலும் இல்லை. பின்பக்கம் குனிந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மிக்ஸரை விட்டு எழுந்து சேவுகன் ஓரமாகக் குனிந்தபடி ஓடி வந்தான்.

"அண்ணே, ரெண்டாம் நம்பர முழுசாத் தொறந்து வச்சுருக்கேன்," என்று கிசுகிசுத்தான். "இன்னைக்குச் சத்தியமா நான் மூடல."

"தெரியும். போ."

அவன் போனான். ஆரோக்கியதாஸ் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தார்.

இடது பக்கம், சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளுகட்டை கடைசிவரை கீழே இறக்கப்பட்டிருந்தது. அதன்மேல் குறுக்காக ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி. ஒரு விளிம்பு நேராக இருந்தது, மறு விளிம்பு அவர் பல்லால் கிழித்த மாதிரியே கோணலாக இருந்தது. நடுங்குகிற கை தவறிப்போய்ப் பட்டாலும் தள்ளுகட்டை மேலே ஏறிவிடாதபடி, இரண்டு பக்கமும் நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தது.

எனக்கும் கேக்கல.

பெட்டி உள்ளே வந்துவிட்டது. பின்னால் ஷெரினின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலையம்மாள் வந்தாள். இனியும் சுருதிக்குக் காத்திருக்க முடியாது என்று பாடகர் குழுவில் ஒரு பெண் தானாகவே எடுத்தாள். கொஞ்சம் உச்சத்தில் எடுத்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் தடுமாறி, பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

ஆரோக்கியதாஸ் பிளாஸ்திரியின் மூலையில் நகத்தை வைத்தார். காய்ந்த பசை லேசாக விட்டுக் கொடுத்தது. ஒரு இழுப்பு போதும். தள்ளுகட்டையை ஒரு விரல் ஏற்றினால் கோயில் முழுக்கக் கேட்கும். மதினி இவர் பக்கம் திரும்பினாள். முகத்தை அல்ல, விரல்களைப் பார்த்தாள்.

அவர் மூலையைத் திரும்ப ஒட்டினார். நகத்தால் தேய்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கட்டைகளின்மேல் வைத்து, அந்தப் பெண் எடுத்த உச்சச் சுருதியிலேயே வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி முழுக்க விரல்கள் சரியான இடத்தில் விழுந்தன. இரண்டாவது வரியில் ஒன்று தவறியது. யாரும் புத்தகத்தைத் தூக்கவில்லை.

தூணோரம் மிக்ஸருக்குப் பின்னால் நின்ற சேவுகன் உள்ளங்கையை மேல்நோக்கி ஆட்டி, ஏற்றவா என்று கேட்டான். ஆரோக்கியதாஸ் வாசித்துக்கொண்டே தலையை இல்லை என்று அசைத்தார். ஆகஸ்டில் மிக்ஸரில் சைபர், பெட்டியிலும் சைபர். இன்று மிக்ஸரில் முழுசு, பெட்டியில் சைபர். எப்படிக் கூட்டினாலும் அண்ணன் பேரில் பாக்கி எதுவும் வரவில்லை, வந்ததெல்லாம் தம்பி பேரில்தான்.